செவிலியர் சம்பளம் எந்தப் பணத்தில்? மும்பையின் சிறு மருத்துவச் சங்கங்களுக்கான நிதி வழிகள், ஓர் ஒப்பீடு

தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழர்கள் நடத்தும் சிறு சங்கங்கள் பலவும் கோயில் விழாவுக்காகவோ ஊர்க்காரர்களின் ஈமச் செலவுக்காகவோ தொடங்கப்பட்டவை. அவற்றுள் சில நாளடைவில் மாலைநேர மருந்தகம், காசநோயாளிகளுக்குச் சத்துணவு, தனித்து வாழும் முதியோருக்கு மாத மளிகை என்று மெல்ல வேறு பொறுப்புகளைத் தோளில் ஏற்றிக்கொண்டன. விழா ஒருமுறை நடந்து முடிந்துவிடும். மருந்தகம் அப்படி முடிவதில்லை. அத்தகைய இரண்டு மூன்று சங்கங்களுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்கு எழுதிக் கொடுத்துவருபவன் என்ற முறையில், ஒவ்வொரு மார்ச் மாதமும் கமிட்டிக் கூட்டத்தில் எழும் ஒரே கேள்வியை நான் கேட்டு வருகிறேன்: அடுத்த ஆண்டுக்குப் பணம் எங்கிருந்து வரும்? இதைவிட, எந்தப் பணம் நின்றுபோனால் எந்தப் பணி நின்றுபோகும் என்று கேட்பதே பொருளாளருக்கு உதவும் என்பது என் அனுபவம். கீழே உள்ள ஒப்பீடு அந்தக் கேள்வியை அளவுகோலாக வைத்து எழுதப்பட்டது.

கணக்குக்காக ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் மூன்று மாலை மருத்துவர் வருகிறார். முழுநேரச் செவிலியர் ஒருவரும் வீடு வீடாகச் செல்லும் களப்பணியாளர் ஒருவரும் இருக்கிறார்கள். ஆண்டுச் செலவு 18 லட்சம் ரூபாய். இதில் இரு பணியாளர்களின் சம்பளம் 6.6 லட்சம், மருத்துவருக்கான மதிப்பூதியம் 3 லட்சம், வாடகையும் மின்சாரமும் 1.8 லட்சம், ஆக 11.4 லட்சம், அதாவது மாதம் 95,000 ரூபாய், நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய தொகை. மீதியுள்ள 6.6 லட்சத்தில் மருந்தும் சர்க்கரைப் பரிசோதனைப் பட்டைகளும் 3.6 லட்சம், சத்துணவும் முதியோர் மளிகையும் 2.4 லட்சம், தணிக்கை முதலான சில்லறைச் செலவுகள் 60,000. ஒரு மாதம் மருந்து குறைந்தால் மருத்துவர் சீட்டெழுதிக் கொடுத்துச் சமாளித்துவிடுவார். செவிலியருக்கு இரண்டு மாதம் சம்பளம் தள்ளிப்போனால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திய மூதாட்டி எந்தச் சந்தில் குடியிருக்கிறார் என்ற அறிவும் அவரோடு போய்விடும்.

முதல் வழி, பழைய வழியான மாதச் சந்தா. நானூறு பேர் மாதம் 200 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 9.6 லட்சம் என்று தாளில் எழுதுவது எளிது. நடைமுறையில் மே மாதம் பாதிப் பேர் திருநெல்வேலி ரயிலில் இருப்பார்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணம், ஜூலையில் வீட்டுக்குள் மழைத் தண்ணீர். மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே நல்ல வசூல் என்று கொண்டு 6.4 லட்சம் என எழுதுவதுதான் நேர்மையான கணக்கு.

இந்தத் தொகை சிறிது என்று கமிட்டியில் சிலர் அலுத்துக்கொள்வார்கள். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரசீதுப் புத்தகத்தோடு தொண்ணூறடிச் சாலையின் பின்சந்துகளில் நடந்து பார்க்க வேண்டும். இட்லி அவித்து விற்கும் ஓர் அம்மா, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அரிசி டப்பாவின் அடியிலிருந்து இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டியபடியே, மாடியில் இருப்பவர் மூன்று வாரமாக இருமிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னார். அடுத்த நாளே களப்பணியாளர் அந்த மாடிக்குப் போனார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைச் சோதிக்க வேண்டும் என்பது அரசின் காசநோய்த் திட்டம் ஊரெங்கும் சுவரில் எழுதிவைக்கும் செய்திதான். அந்த மாடிக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சந்தா வசூல். வேறு எந்த நிதி வழியும் பணத்தோடு தகவலையும் சேர்த்துக் கொண்டுவருவதில்லை. வசூலிப்பவரின் நேரத்தைச் செலவாகக் கணக்கிடுகிறவர்கள் இந்த வரவையும் எழுதினால் நியாயமாக இருக்கும்.

வரிச்சலுகையை நம்பிச் சந்தா கேட்பது இப்போது அவ்வளவாகப் பலிப்பதில்லை. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறினாலும் எல்லோரும் 80ஜி என்றே சொல்லிவரும் அந்த நன்கொடைக் கழிவு, பெரும்பாலான கழிவுகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் ‘புதிய வரிமுறை’யைத் தேர்ந்தவர்களுக்குக் கிடையாது. மாதச் சம்பளக்காரர்களில் பலர் இப்போது அந்த முறையில்தான் இருக்கிறார்கள். பழைய முறையில் இருப்பவருக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. சங்கத்தின் பக்கம் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பெயர் தெரியாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 30 விழுக்காடு வரி. விழாக்காலத்தில் உண்டியல் வைத்து மருந்தகத்துக்குத் திரட்டலாம் என்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும். கோயில் உண்டியலுக்குப் பொருந்தாத விதி மருந்தக உண்டியலுக்குப் பொருந்தும். ஆகவே 50 ரூபாய்க்கும் பெயரும் முகவரியும் எழுதிய ரசீது வேண்டும்.

சந்தாவின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. தாராவி மறுசீரமைப்பில், அதே இடத்தில் இலவச வீடு பெறத் தகுதி இல்லாதவர்கள் நகரின் வேறு பகுதிகளுக்கு மாற்றப்படுவார்கள் என்பது திட்டத்திலேயே உள்ளது. நானூறு சந்தாதாரர்கள் நான்கு திசைக்குப் போனபின் ரசீதுப் புத்தகத்தோடு எங்கே நடப்பது? இப்போதே ஒவ்வொருவரின் கைபேசி எண்ணையும் வாங்கி, யூ.பி.ஐ. தானியங்கிப் பற்று முறைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவருவது நல்லது; இட்லி அம்மாவிடம் மட்டும் நேரில் போகலாம்.

இரண்டாவது, கமிட்டியில் இளைஞர்கள் முதலில் சொல்லும் வழி, சி.எஸ்.ஆர். என்கிற நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். நிறுவனங்களின் தலைமையகங்கள் குவிந்திருக்கும் மும்பையில், தாராவியிலிருந்து பாந்திரா குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, நம்மால் ஏன் கேட்க முடியாது என்ற கேள்வி இயல்பானதே. கேட்கலாம். சங்கம் 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிக்கழிவு) பதிவுகளோடு மூன்றாண்டுச் செயல்பாட்டையும் காட்டி, 2021 முதல் கட்டாயமான சி.எஸ்.ஆர்.-1 பதிவெண்ணையும் பெற்றிருக்க வேண்டும். இது ஆடிட்டர் ஒருவர் சில வாரங்களில் முடித்துக் கொடுக்கக்கூடிய வேலைதான்.

சிக்கல், அந்தப் பணத்தின் இயல்பில் இருக்கிறது. அது திட்டத்துக்கான பணம். அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பல ஆண்டுத் திட்டமாக ஏற்றாலும், தொடங்கிய ஆண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீட்டிக்க விதி இடம் தருவதில்லை. நிறுவன அலுவலர்கள் சம்பளத் தலைப்பைக் கண்டாலே முகம் சுளிப்பதும், நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதும் வாடிக்கை. இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும், ஏனெனில் பல சங்கங்கள் இதைக் கேட்டவுடன் வாயடைத்துத் திரும்பிவிடுகின்றன. அந்த 5 விழுக்காட்டு வரம்பு, நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துவதற்கான சொந்த நிர்வாகச் செலவுக்கு விதிக்கப்பட்டது. நோயாளியைப் பார்க்கும் செவிலியரின் சம்பளம் நேரடித் திட்டச் செலவு. விண்ணப்பத்தில் அதை நிர்வாகம் என்ற தலைப்பின்கீழ் எழுதாமல் மருத்துவச் சேவை என்ற தலைப்பின்கீழ் எழுதினால் பாதி விவாதம் தொடங்காமலே முடியும்.

எங்கள் சங்கங்களில் ஒன்றுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நிதியாண்டு முடியும் தறுவாயில் ஒரு நிறுவனம் தானாகவே முன்வந்து இரத்தப் பரிசோதனைக் கருவி ஒன்றை வாங்கித் தந்தது. பதாகை கட்டிப் புகைப்படம் எடுத்தார்கள். கருவிக்கு வேண்டிய வேதிப்பொருள்களுக்கும், அதை இயக்கத் தெரிந்த ஆய்வக உதவியாளருக்கும் அந்த ஒப்புதல் கடிதத்தில் இடமில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. நான்கு மாதம் ஓடியது. பிறகு அறையின் மூலையில், நீலக்கட்டம் போட்ட பழைய போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு இரண்டு ஆண்டுகள் நின்றது. அதன்மேல் மருந்துப் பெட்டிகளை அடுக்கத் தொடங்கியபோதுதான் ஒரு கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினோம்.

அந்தக் கூட்டத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் பொருளாளர் அண்ணாச்சி எதிர்ப்பக்கம் பேசினார். “மூணு வருசத்துக்கு வர்ற காச ஏன் தம்பி வேண்டாங்கணும்? அதுக்குள்ள நாம வளந்துக்கிடலாம்லா?” என்றார். அவர் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. மூன்றாண்டுச் சம்பளம் கையில் இருந்தால் சந்தா வசூலை விரிவாக்க ஆள் போடலாம். ஆனால் நான் கணக்கு எழுதிய இடங்களில் நடந்தது நேர்மாறானது: பெரிய காசோலை வந்த மறுமாதமே ஞாயிற்றுக்கிழமை வசூல் தளர்ந்தது; சந்தாதாரர்களும் இனி நம் இருநூறு எதற்கு என்று நினைத்துவிட்டார்கள். நான்காம் ஆண்டில் நிறுவனம் தன் கவனத்தைப் பள்ளிக்கூடங்களின் பக்கம் திருப்பியபோது, விட்டுப்போன சந்தாவை மீட்டெடுப்பது புதிதாகத் தொடங்குவதைவிடக் கடினமாக இருந்தது.

ஆகவே சி.எஸ்.ஆர். வேண்டாம் என்பது என் முடிவு அல்ல. நின்றால் நோயாளிக்கு அடி விழாத செலவுக்கு மட்டும் அதை வாங்க வேண்டும். காசநோயாளிக்கான சத்துணவு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அரசின் நிக்சய் போஷண் திட்டத்தில் சிகிச்சைக் காலம் முழுவதும் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய் செல்கிறது (2024 நவம்பருக்கு முன் அது 500 ரூபாயாக இருந்தது). 2022இல் தொடங்கிய நிக்சய் மித்ரா ஏற்பாட்டில் தனியாரும் நிறுவனங்களும் சங்கங்களும் நோயாளிகளை ஏற்று உணவுப் பொட்டலம் கொடுக்கலாம். நிறுவனத்தின் பணம் பொட்டலத்துக்குப் போகட்டும். அது ஒருநாள் நின்றாலும் அரசின் தொகை நிற்காது, மருந்தும் அரசின் கையிலிருந்து இலவசமாக வந்துகொண்டிருக்கும். கட்டடப் பழுது, குளிர்பெட்டி, கண் பரிசோதனை முகாம், செவிலியருக்கான பயிற்சி ஆகியவையும் இந்த வகையில் சேரும்.

மூன்றாவது வழியைப் பல சங்கங்கள் நிதி வழியாகவே கருதுவதில்லை. என் பார்வையில் மும்பையில் இருப்பவற்றுள் மிகப் பெரியது அதுதான். மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைகள் சட்டத்தின் 41ஏஏ பிரிவும், அதன்கீழ் 2006இல் மும்பை உயர் நீதிமன்றம் வகுத்த திட்டமும், அறக்கட்டளைகள் நடத்தும் மருத்துவமனைகளை மூன்று விதத்தில் கட்டுப்படுத்துகின்றன. படுக்கைகளில் 10 விழுக்காடு வறியோருக்கு இலவசமாகவும், இன்னொரு 10 விழுக்காடு நலிந்தோருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கப்பட வேண்டும். நோயாளிகளிடம் எழுதும் மொத்தக் கட்டணத்தில் 2 விழுக்காடு வறியோர் நிதியாகத் தனிக் கணக்கில் சேர வேண்டும். திருத்தப்பட்ட வரம்பின்படி ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய்க்குள் இருப்பவர் வறியோர், 3,60,000 ரூபாய்க்குள் இருப்பவர் நலிந்தோர். பளிங்குத் தரையும் கண்ணாடிக் கதவுமாக இருக்கிற, நம்மவர்கள் வாசலில் நிற்கவே தயங்குகிற மருத்துவமனைகளில் பலவும் சட்டத்தின் கண்ணில் அறக்கட்டளைகளே. எங்கள் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் இந்த இரு வரம்புகளில் ஒன்றுக்குள் வருகிறவர்களே.

இதோடு மாநில அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கியக் காப்பீடு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, இப்போது வருமானம் கூடியவர்களுக்கான வெள்ளை ரேஷன் அட்டைக்காரர்களையும் உள்ளடக்கிக் கிடைக்கிறது. சயான் மருத்துவமனை போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகளுக்கென்று பூவர் பாக்ஸ் நிதி உண்டு. மருத்துவச் சமூக சேவகரின் அறைக்குப் போனால் டாடா அறக்கட்டளைகள், சித்தி விநாயகர் கோயில் அறக்கட்டளை முதலியவற்றின் உதவிக்கு எப்படி எழுதுவது என்று அவரே சொல்லிக் கொடுப்பார்.

இவ்வளவும் இருந்தும் நம் சங்கங்கள் செய்வது என்ன? ஒருவருக்கு இதய அறுவை என்றால், இரண்டரை லட்சம் ரூபாய் மதிப்பீட்டுச் சீட்டைக் கூட்டத்தில் வைத்து, மனம் இளகி, மருந்தகக் கணக்கிலிருந்து 20,000 எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அது மருந்தகத்துக்குப் பெரிய இழப்பு. நோயாளிக்கோ கடலில் கரைத்த பெருங்காயம். அதே நோயாளியோடு ஒருவர் இரண்டு காலைப் பொழுதுகள் கூடப்போயிருந்தால், செலவின் பெரும்பகுதி வேறு ஒருவரின் சட்டக் கடமையாக முடிந்திருக்கக்கூடும்.

கூடப்போவது எளிதென்று நான் சொல்லவில்லை. தாசில்தாரின் வருமானச் சான்று வேண்டும். படிவம் மராத்தியில் இருக்கும். எங்கள் ஆட்கள் தாராவி இந்தியில் கறிக்காரரோடு பேரம் பேசி வெல்வார்கள், ஆனால் ஒரு மராத்திப் படிவத்தின் முன் ஊமையாகிவிடுவார்கள். எல்லாவற்றையும்விடத் தலைவலி ரேஷன் அட்டை. முப்பது ஆண்டுகளாக மும்பையில் இருப்பவரின் அட்டையும் வாக்காளர் பெயரும் இன்னும் வள்ளியூர்ப் பக்கத்து ஊரில் இருக்கும். பொங்கல் பரிசுக்காகவும் பாட்டியின் அரிசிக்காகவும் அங்கேயே விட்டுவைத்திருப்பார்கள். மகாராஷ்டிர அட்டை இல்லாமல் மாநிலக் காப்பீட்டை அணுகுவது கடினம். நெஞ்சுவலி வந்தபின் அட்டை மாற்ற முடியாது. ஆகவே களப்பணியாளரின் வாரத்தில் இரண்டு காலைப் பொழுதை, இந்தத் தாள் வேலைக்கும் மருத்துவமனைத் துணைக்கும் என்று ஒதுக்கிவிடுவதைவிட ஆதாயமான முதலீட்டை நான் கண்டதில்லை. இந்த வரவு சங்கத்தின் வரவு செலவு அறிக்கையில் ஒரு வரியாகக்கூட வராது; அதனால்தான் கமிட்டிகள் இதை மதிப்பதில்லை என்று நினைக்கிறேன். அறிக்கையின் பின்னிணைப்பாக, எத்தனை பேருக்கு எவ்வளவு கட்டணம் தள்ளுபடி பெற்றுத் தரப்பட்டது என்று ஒரு பக்கம் சேர்க்கும் வழக்கத்தை நான் ஒரு சங்கத்தில் தொடங்கிவைத்தேன். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் செயலாளர் அந்த இரண்டு காலைகளையும் பிடுங்கிக்கொள்ளாமல் விட்டார்.

டயாலிசிஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். வாரம் இரண்டு மூன்று முறை, வாழ்நாள் முழுவதும் வேண்டிய சிகிச்சைக்கு ஒரு சிறு சங்கம் தன் பணத்திலிருந்து உதவத் தொடங்கவே கூடாது. ஆறு மாதம் கொடுத்துவிட்டு நிறுத்துவது, கொடுக்காமல் இருப்பதைவிடக் கொடியது. காப்பீட்டின் வழியாகவும், பெரிய அறக்கட்டளைகளின் மையங்கள் வழியாகவும் இடம் பிடித்துக் கொடுப்பதே நம்மால் ஆவது.

நோயாளியிடமே சிறு கட்டணம் வாங்கலாமா என்பதில் எனக்கு முன்பு தயக்கம் இருந்தது; இப்போது பாதி மனமாற்றம். மாலைக்கு 60 பேர், ஆண்டுக்கு 150 மாலை என்றால் 9,000 வருகைகள். காசநோயாளிகள், கர்ப்பிணிகள், 65 வயது கடந்தவர்கள் என மூன்றில் ஒரு பங்கினருக்கு விலக்கு அளித்து, மற்றவர்களிடம் 20 ரூபாய் பெற்றால் 1.2 லட்சம் வரும். மாநகராட்சியின் ‘ஆப்லா தவாகானா’ மருந்தகங்கள் இலவசமாகப் பார்க்கும்போது இங்கே எதற்குக் காசு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழில் பேசி, போன முறை என்ன மாத்திரை கொடுத்தோம் என்று நினைவில் வைத்திருப்பதற்காகத்தான் அவர்கள் இங்கே வருகிறார்கள். ஆனால் கட்டணம் 20 ரூபாயில் நிற்க வேண்டும். 50 ஆக்கிப் பார்த்த ஓர் இடத்தில், காய்ச்சல்காரர்கள் வழக்கம்போல் வந்தார்கள். வலியில்லாத நோயான இரத்த அழுத்தத்துக்கு மாதம் தவறாமல் வந்தவர்கள்தான் மெல்லக் குறைந்தார்கள்.

நிகழ்ச்சிகள் வழியாகத் திரட்டுவதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அரங்கம் எடுத்து இசை நிகழ்ச்சி வைத்து, விழா மலரில் விளம்பரம் பிடிப்பது மாட்டுங்கா, செம்பூர் சபாக்களுக்குக் கைவந்த கலை; தாராவியின் சிறு சங்கத்துக்கு அரங்க வாடகையே பயமுறுத்தும். மலரில் விளம்பரம் கொடுத்தவருக்கு நன்கொடை ரசீது தரக்கூடாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜனவரியில் நடக்கும் டாடா மும்பை மாரத்தான் வேறு வகை: 2004 முதல் ஓடிவரும் அந்தப் பந்தயத்தில் யுனைடெட் வே மும்பை வழியாகப் பதிவு செய்துகொண்ட தொண்டு அமைப்புகளுக்காக ஓட்டக்காரர்கள் தங்கள் நண்பர்களிடமும் அலுவலகத்திலும் நன்கொடை திரட்டுகிறார்கள். சால் எனப்படும் ஒற்றையறை வரிசைக் குடியிருப்பில் வளர்ந்து இன்று பவாயிலும் ஐரோலியிலும் மென்பொருள் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் ஐந்தாறு பேர் ஓட முன்வந்தால் முயன்று பார்க்கலாம். முதலாண்டு வரவை எந்தச் செலவுக்கும் முன்கூட்டி ஒதுக்காமல் இருக்க வேண்டும். இணையவழிக் கூட்டு நிதித் தளங்களோ ஒரு முகத்துக்கும் ஒரு நோய்க்கும் பணம் திரட்டித் தருபவை. மருந்தக வாடகைக்கு யாரும் அங்கே கண் கலங்குவதில்லை. நோயாளியின் படத்தைப் போட்டு அழவைக்கும் பாணி எனக்கு உவப்பானதும் அல்ல. காசநோய் என்று பெயர் வெளியே வந்தால் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும் இடம் இது.

வெளிநாட்டு நிதியை நம் அளவுள்ள சங்கம் நாட வேண்டியதில்லை. 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற, மூன்றாண்டுச் செயல்பாட்டோடு அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒருவாறு நிறைவேற்றிவிடலாம். 2020 திருத்தத்துக்குப் பின் தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கு, நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காட்டு உச்சவரம்பு, பெற்ற பணத்தைப் பிற சங்கங்களுக்குப் பகிரத் தடை என்று வரும் கடமைகளைச் சுமக்க ஒரு தனிக் கணக்கர் வேண்டும். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் நம்மவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சேமிப்பிலிருந்து தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். கடவுச்சீட்டு நகலை ரசீதோடு வைத்துக்கொண்டால் போதும். அவர் அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால் கதை வேறு. தொண்டு அமைப்புகள் நிதி திரட்டுவதற்கென்று பங்குச் சந்தைகளில் உள்ள தனிப் பிரிவான சமூகப் பங்குச் சந்தையில் பதிவு செய்யவே ஆண்டுக்கு 50 லட்சம் செலவிடும் அமைப்பாக இருக்க வேண்டும் என்பதால் அது நம் பேச்சில் இல்லை.

இவற்றையெல்லாம் வைத்து, முன்சொன்ன 18 லட்ச ரூபாய்ச் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுக்கக்கூடிய திட்டம் இதுதான். மாதம் தவறாத 11.4 லட்சத்துக்குச் சந்தா 6.4 லட்சம், கட்டணம் 1.2 லட்சம். ஏற்கெனவே 20 லட்சம் ரூபாய் மூலநிதி வைப்பில் இருப்பதாகவும் வட்டி 6.5 விழுக்காடு எனவும் கொண்டால் 1.3 லட்சம். துண்டு விழும் இரண்டரை லட்சத்துக்கு, திதிக்கும் பிறந்தநாளுக்கும் அன்னதானத்துக்குக் கொடுக்கும் நம் பழக்கத்தையே கொஞ்சம் திருப்பி, ‘ஒரு மாலை மருந்தகம்’ என்று 3,000 ரூபாய்க்கு ஒரு மாலையைக் குடும்பங்கள் ஏற்கச் செய்யலாம். 150 மாலைகளில் 85 மாலைக்கு ஆள் கிடைத்தால் கணக்கு நேராகும். அன்று வாசல் பலகையில் இறந்தவரின் பெயரைச் சாக்பீஸால் எழுதிவைத்தால் போதும், அடுத்த ஆண்டு அந்தக் குடும்பம் தானே வரும். மருந்துக்கும் சத்துணவுக்குமான தொகைக்கு ஒன்றிரண்டு நிறுவனங்களை அணுகலாம். கிடைக்காத ஆண்டில் முதியோர் மளிகையின் அளவு குறையும், அது வருத்தத்துக்குரியதே ஆயினும் தாங்கக்கூடியது. இவை தவிர, ஆறு மாதச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் ஈடான 5.7 லட்சத்தைக் கைவைக்காத ஒதுக்கீடாகச் சேர்க்கும்வரை, புதிய பணி எதையும் தொடங்க வேண்டாம். வருமானத்தில் 85 விழுக்காட்டை அவ்வாண்டே பணிக்குச் செலவிட வேண்டும் என்ற வரி விதி, 15 விழுக்காட்டை ஒதுக்கிக்கொள்ள இடம் தருகிறது. வரவு செலவை மிஞ்சும் ஆண்டுகளில் அந்த மிச்சத்தைக் கொண்டு இந்த ஒதுக்கீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம்.

அண்ணாச்சி இந்தத் திட்டத்தை ஏற்றார், சி.எஸ்.ஆர். பகுதியைத் தவிர, அதில் அவர் இன்னும் என்னோடு உடன்படவில்லை. போர்வைக்குள் இருந்த கருவி விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வரவில்லை. சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கிய சொத்து, சி.எஸ்.ஆர்.-1 பதிவெண் உள்ள பொது அறக்கட்டளையின் கையில் இருந்தால் போதும் என்று விதி அனுமதிப்பதால், கொடுத்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் வாங்கி, ஆய்வக உதவியாளர் வைத்திருக்கும் வேறொரு சங்கத்துக்கு அதை மாற்றிவிட்டோம். டெம்போவில் ஏற்றும்போது போர்வையை உருவி மடித்துச் செவிலியர் உள்ளே எடுத்துப்போனார். மழைக்காலத்தில் மருத்துவர் அறைக் கதவின் இடுக்கில் தண்ணீர் வராமல் அடைக்க அது வேண்டும் என்றார்.